அதே இடுப்பு

ராணிக்கு உடை வடிவமைப்பவர் என்று ஊரெல்லாம் பெரிய பேச்சு. வீட்டில் மட்டும் அவர் பழைய தையல்காரர்தான். "என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெக்க மட்டும் உங்களுக்கு நேரம் வராது," என்பாள் மனைவி.

புகழுக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு தில்லுமுல்லு. அரண்மனையில் ராணியின் உடம்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. ராணி சதை போட்டால் இவர் சத்தமில்லாமல் தையலைப் பிரித்துவிடுவார். இளைத்தால் பிடித்துத் தைப்பார். பழைய கவுனோ புதியதோ, எப்போதும் கச்சிதம்.

"பாருங்க மாஸ்டர், கல்யாணத்தன்னைக்கு இருந்த அதே இடுப்பு," என்று ராணி பூரித்துப்போவார்.

"அதேதாம்மா," என்பார் இவர். அந்த ஒரு சொல்லில் கார் வந்தது, விருது வந்தது, தொப்பையும் வந்தது. தொப்பைக்கு மட்டும் பிரித்துவிட ஆளில்லை.

இந்த வருஷம் பிடிக்கப் பிடிக்கத் துணி மிஞ்சியது. பட்டினி கிடந்து இளைப்பவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்; இது அதுவல்ல. குண்டூசி குத்தப் போனால் எலும்பு தட்டியது. முகத்தை ஒப்பனைக்காரி பார்த்துக்கொண்டாள், உடம்பை இவர் பார்த்துக்கொண்டார். ஆக, தான் கரைந்துகொண்டிருப்பது ராணிக்கே தெரியாது.

"சொல்லித் தொலைங்களேன். டாக்டரைப் பாக்கட்டும் அந்தம்மா," என்றாள் மனைவி.

சொல்லத்தான் போனார். "அதேதாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுபடி போனார், மறுபடியும் அதேதான். நாக்குக்குப் பழகிப்போன தடம்.

கடைசியில் அரண்மனை விழாவுக்கான கவுனைப் போன வருஷத்து அளவிலேயே, ஒரு நூல்கூடப் பிடிக்காமல் தைத்து எடுத்துப்போனார். போட்டால் தெரியும், தெரிந்தால் பயம் வரும், பயம் வந்தால் வைத்தியர் வருவார்.

கவுன் தோளிலிருந்து நழுவியது. ராணி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவரைப் பார்த்தார், பரிவோடு.

"என்ன மாஸ்டர், அளவு தப்பிருச்சே. வயசாயிருச்சு உங்களுக்கு."

"அளவு தப்பலம்மா. நீங்கதான்..."

அருகில் நின்ற செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"போதும், ஓய்வெடுங்க," என்றார் ராணி. "ஒரு நல்ல டாக்டரா பாத்துக் கண்ணைக் காட்டுங்க. தள்ளிப்போடாதீங்க."

விழாவை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார். புது டிசைனர் கெட்டிக்காரன். ஒரு சுருக்கம் இல்லை. கூட்டம் கை தட்டியது. இவர் ராணியின் இடுப்பைக் கண்ணாலேயே அளந்தார். இன்னும் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

"எப்படி இருக்காங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"அதேதான்," என்றார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.