பன்னிரண்டரைக்குள்

தீவின் நடுவே நிற்கும் ஹல்லா மலைக்குப் போகிறவர்களுக்குக் கிம்பாப் சுருட்டிக் கொடுப்பதுதான் வோல்சனுக்குப் பதினெட்டு வருடமாகப் பிழைப்பு. விடியற்காலை நாலரைக்கே பேருந்து நிலையத்துக்கு எதிரே அவள் கடை விளக்கு எரியும். கடற்பாசித் தாளை விரித்து, சோற்றைப் பரப்பி, முட்டையும் கேரட்டும் ஊறுகாய் முள்ளங்கியும் வைத்து அவள் சுருட்டுகிற வேகத்தைப் பார்க்கவே சிலர் நின்றுவிடுவார்கள். வாங்குகிறவர்கள் கூடவே ஒரு கேள்வியும் கேட்பார்கள். மேலே குளிருமா? கடைசி ஏற்றம் கஷ்டமா? வோல்சன் கை நிற்காமல் பதில் சொல்வாள். எல்லாம் இறங்கி வந்தவர்கள் சொல்லக் கேட்டு மனதில் போட்டுவைத்த பதில்கள். அவள் அந்த மலையில் ஏறியதே இல்லை. ஏறியிருக்கிறாயா என்று யாரும் கேட்டதும் இல்லை.

ஆகஸ்டில் ஒருநாள் காலை, சியோலிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, மழை வந்தா உச்சியில ஒதுங்க இடம் இருக்குமா?"

"எல்லாம் கட்டி வச்சிருக்காங்கம்மா, தைரியமா போ" என்றாள் வோல்சன்.

சாயங்காலம் அதே பெண் கடை வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது. வோல்சன் பதறிப்போய்த் துண்டை எடுத்துக் கொடுத்து, சூடாகப் பார்லித் தேநீர் ஊற்றினாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "மேல கூரைன்னு ஒண்ணுமே இல்லக்கா. ஒரு மணி நேரம் அப்படியே நனைஞ்சேன். நீங்க அங்க போனதே இல்லதானே?"

திட்டியிருந்தால்கூட வோல்சன் மறந்திருப்பாள். அவள் திட்டாததுதான் உறுத்தியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் கூட்டத்தை அனுப்பிவிட்டு, கடையைச் சாத்திவிட்டுத் தனியாகவே போனாள். தேசியப் பூங்காவின் கிழக்கு வாசலில் நுழையும்போது மணி எட்டரை. ஏழு கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் நடந்தால் ஒரு தங்குமிடம் வரும். அதைப் பன்னிரண்டரைக்குள் தாண்டினால்தான் உச்சிக்கு விடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் பாதையெல்லாம் கறுப்பு எரிமலைக் கற்கள், ஒன்றுக்கொன்று உயரம் ஒட்டாமல் கிடக்கும் என்பதோ, அறுவை சிகிச்சை வேண்டாமென்று தள்ளிப்போட்ட தன் வலது முழங்கால் மூன்றாவது மணி நேரத்தில் என்ன சொல்லும் என்பதோ தெரியாது. தங்குமிடத்து வாசலுக்கு அவள் வந்து சேர்ந்தபோது குறுக்கே கயிறு கட்டியாகிவிட்டது. மணி பன்னிரண்டு முப்பத்து நாலு.

"நாலு நிமிஷம்தானே தம்பி!"

காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பணிவாகத்தான் சொன்னார். "நாலு நிமிஷம்னாலும் முடியாதும்மா. இப்ப உங்கள மேல விட்டா, இருட்டினப்புறம் உங்களத் தேடிக்கிட்டு நான்தான் வரணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. வோல்சன் அங்கேயே உட்கார்ந்து, தான் சுருட்டியதைத் தானே தின்றாள்.  அங்கிருந்து பூங்காவின் சரக்கு மோனோரயில் ஒன்று கீழே கிளம்புவதாக இருந்தது. அவள் நொண்டுவதைப் பார்த்த காவலர் அதில் ஏற்றிவிட்டார். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்த அந்தப் பயணத்தைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விடவில்லை.

ஆனால் தேஜினுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் கணவன் காஸ் சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவன். ஊர்ச் செய்தி முழுக்க அவன் காதுக்கு வந்துவிடும்.

"சிலிண்டரை நான் ஏத்தி இறக்குறேன். உன்னைப் பூங்காக்காரன் ஏத்தி இறக்குறானாம்" என்று சாப்பாட்டு மேசையில் சிரித்தான். "அம்பத்தெட்டு வயசுல உனக்கு எதுக்குடி மலை? கடை வாசல்ல நின்னாலே தெரியுது. நல்லா பாத்துக்கோ, யாரு வேணாம்னா?"

வோல்சன் எழுந்தாள். காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தாள். பின்பக்கத்தில் கோடு போட்டாள். அரை மணி முன்னால் கிளம்பினால் போதும், தங்குமிடத்து வாசலைத் தாண்டிவிடலாம். அந்த அரை மணியை எங்கிருந்து எடுப்பது? காலைக் கூட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படியானால் காலைக் கூட்டத்தை வேறு யாராவது பார்க்க வேண்டும். தேஜினுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. ஆகவே ஞாயிறு. பூங்கா முன்பதிவைக் கைப்பேசியில் திறந்தாள். அக்டோபர் ஞாயிறு எல்லாம் இலை சிவப்பதைப் பார்க்க வரும் கூட்டத்தில் நிரம்பிக் கிடந்தது. மூன்று நாள் விடாமல் பார்த்தாள். நான்காம் நாள் யாரோ ரத்து செய்த இரண்டு இடம் வந்தது. மூன்றாவது ஞாயிறு, எட்டு மணிக்கு மேல்தான் நுழையலாம். இரண்டையும் அழுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"அந்த ஞாயிறு நீங்க கடையில நிக்கிறீங்க."

"நானா? எனக்குச் சுருட்டத் தெரியுமா?"

"அஞ்சு வாரம் இருக்கு. கத்துக்கலாம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் பாடம் நடந்தது. அவன் சோற்றை அள்ளி வைத்தால் தாள் கிழியும். குறைத்து வைத்தால் உள்ளிருப்பது நழுவும். "இது கிம்பாப்பா? போர்வைக்குள்ள பூனை புகுந்த மாதிரி இருக்கு" என்பாள். "பூனையோ புலியோ, வயித்துக்குள்ள போனா ஒண்ணுதான்" என்பான்.

பாடம் முடிந்ததும் அவள் தன் பயிற்சிக்குப் போவாள். குடியிருப்பில் பதினைந்து மாடி. படியில் ஏறுவாள், லிஃப்டில் இறங்குவாள். இறங்குவது மூட்டுக்குக் கெடுதல் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் வாரம் இரண்டு தடவை, இரண்டாம் வாரம் நாலு, அப்புறம் ஆறு. தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள். எந்த இடத்தில் எத்தனை மணி, எங்கே தண்ணீர், எங்கே கழிவறை, எந்தக் கல்லில் உட்காரக்கூடாது. கீழ் வரியில் பன்னிரண்டு மணி என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டாள். அரை மணி கையிருப்பு.

இரண்டாவது இடம் யாருக்கு என்பதில் சந்தேகமே வரவில்லை. தேஜினின் தங்கை இன்சுக், ஆரஞ்சு பொதியும் கிடங்கில் வேலை பார்க்கிறவள், செய்தி கேட்ட அன்றே வந்து நின்றாள்.

"அண்ணி, என்னை விட்டுட்டுப் போனீங்கன்னா இந்த வருஷம் உங்க வீட்டுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சுகூட வராது, சொல்லிட்டேன்."

"வா. ஆனா வழியில பேசக்கூடாது. மூச்சு வீணாகும்."

"சரி, பாதிதான் பேசுவேன்."

அந்த ஞாயிறு சரியாக எட்டு மணிக்கு அவர்கள் கிழக்கு வாசலில் நுழைந்தார்கள். முந்தின நாள் தூறியதில் கற்கள் வழுக்கின. வோல்சன் கடிகாரத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் இளைப்பாறும் முதல் தங்கல் பத்து இருபதுக்கு வந்தது. தாளில் எழுதியதைவிடப் பத்து நிமிடம் தாமதம்தான். முழங்கால் முனகியது, ஆனால் சொன்னதைக் கேட்டது. இன்சுக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. கிடங்கு மேலாளரின் மைத்துனியின் கல்யாணக் கதையை ஆறாவது கிலோமீட்டர் வரை இழுத்துக்கொண்டு வந்தவள், திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

வோல்சன் திரும்பிப் பார்த்தாள். இன்சுக்கின் இடது காலணியின் அடித்தோல் முன்பக்கம் முழுக்கப் பிளந்து, முதலை வாய் மாதிரித் தொங்கியது.

"எப்ப வாங்கினது இது?"

"புதுசுதான் அண்ணி. பத்து வருஷம் ஆச்சு, ஆனா ரெண்டே தடவைதான் போட்டேன்."

கழுத்துத் துணியை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். ஐம்பது அடியில் அவிழ்ந்தது. பையின் வாரை அறுத்துக் கட்டினார்கள். அது நின்றது, ஆனால் ஒவ்வொரு கல்லிலும் இன்சுக் காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. மணி பதினொன்று ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. தங்குமிடத்து வாசலுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

இன்சுக் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்க அண்ணி."

"சும்மா எழுந்து வா."

"கடிகாரத்தைப் பாருங்க. நாலு நிமிஷத்துக்காக ஒரு மாசத்துக்கு மேலா வீட்டையே பாடாப் படுத்திட்டீங்க. இன்னைக்கும் விட்டீங்கன்னா, சாகிற வரைக்கும் என் செருப்பைத்தான் குத்தம் சொல்லுவீங்க. அந்தப் பேச்சை என்னால கேட்க முடியாது. போங்க!"

வோல்சன் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தன் தண்ணீர்ப் புட்டியையும் இரண்டு உருளைக் கிம்பாப்பையும் நாத்தனார் மடியில் வைத்தாள். "மெதுவா தங்குமிடத்துக்கு வந்து உக்காந்திரு. ஓடாதே." சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்ததால் திரும்பவில்லை.

அந்தக் கடைசிக் கிலோமீட்டரில் அவள் எதையும் பார்க்கவில்லை. சிவந்த இலையோ பறவையோ கண்ணில் படவில்லை. அடுத்த கல், அதற்கடுத்த கல், அவ்வளவுதான். எதிரே வந்தவர்கள் வணக்கம் சொன்னதற்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. மரங்கள் விலகி வெளிச்சம் வந்தபோது கண்ணில் முதலில் பட்டது அந்தக் கயிறு. இன்னும் கட்டவில்லை. தூணில் சுருட்டி மாட்டியிருந்தது.

அதே காவலர் நின்றிருந்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பன்னிரண்டு இருபத்தி ரெண்டு. போங்கம்மா. ரெண்டு மணிக்கு உச்சியிலேர்ந்து எல்லாரையும் இறக்கிடுவாங்க."

"அதுக்குள்ள தொட்டுடுவேன். பின்னாடி என் நாத்தனா வருவா, செருப்பு பிஞ்சிருக்கும். கொஞ்சம் உள்ள உக்கார வைங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே தாண்டினாள்.

அதன் பிறகு மரப்படிகள். பட்டுப்போய் வெளுத்த மரங்களுக்கு நடுவே, காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை அறைந்தது. பதினைந்து மாடி, இன்னொரு பதினைந்து மாடி என்று எண்ணினாள். எட்டாவது தடவைக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டுக் கைப்பிடிக் கயிற்றை மட்டும் பற்றி இழுத்து இழுத்துப் போனாள். ஒன்று நாற்பத்து மூன்றுக்குப் படிகள் தீர்ந்தன.

மலையின் பெயர் பொறித்த கல்லோடு படம் எடுக்க நீண்ட வரிசை நின்றது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. வேலி ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தாள். பெரிய பழுப்புக் கிண்ணம். அடியில் கழுவி ஊற்றிய பாத்திரத்தில் மிஞ்சியது போல ஒரு மூலையில் கொஞ்சம் தண்ணீர். இவ்வளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. இவ்வளவு பெரிய வாய் ஒருகாலத்தில் நெருப்பைக் கக்கி, அவள் பிறந்த தீவையே, அவள் கடை நிற்கும் மண்ணையே துப்பியிருக்கிறது. இப்போது காற்று மட்டும் அதற்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. வோல்சன் வேலியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தாள். 

மிச்சமிருந்த கிம்பாப் உருளையைப் பிரித்து ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனாள். பின்னாலிருந்து வந்த காகம் அதைக் கொத்திக்கொண்டு பறந்தது. "அடப் பாவி! சுருட்டினவளுக்கே இல்லையா?" என்று கத்தினாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் கண்ணில் நீர் முட்டியது. ஒலிபெருக்கியில் இறங்கச் சொல்லும்வரை அங்கேயே நின்றாள்.

முதல் படியில் கால் வைத்தபோதுதான் தன் திட்டத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. தாளில் இறங்குவதற்கு ஒரு வரிகூட இல்லை. ஐந்து வாரம் லிஃப்டில் இறங்கியவளின் முழங்கால், இருபதாவது படியில் மடங்க மறுத்தது. திரும்பி நின்று, ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாகவே இறங்கினாள். தங்குமிடத்தை அடைந்தபோது இன்சுக் அங்கே வயிறு நிறைந்து, காவலருக்குக் கல்யாணக் கதையின் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தொட்டீங்களா அண்ணி?"

"தொட்டேன்."

இன்சுக் எழுந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.  அவள் பேசாமலிருந்தது அன்று அந்த ஒரு நிமிடம்தான்.

காவலர் முழங்காலைக் கவனித்தார். "மோனோரயில் போகுது. ஏத்திவிடட்டுமா?"

"வேணாம் தம்பி" என்றாள் வோல்சன். "போன தடவையே ஏறியாச்சு. இன்னைக்கு நடந்துதான் போறேன்."

அண்ணியும் நாத்தனாரும் தோளில் தோள் கொடுத்து நடந்தார்கள். ஒருத்திக்குச் செருப்பு இல்லை, இன்னொருத்திக்கு முழங்கால் இல்லை என்று இன்சுக் கணக்குச் சொன்னாள். இருவரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள். தூரம் காட்டும் ஒவ்வொரு பலகையிலும் நின்றார்கள். வோல்சன் இரண்டு தடவை அழுதாள், மூன்று தடவை மலையைத் திட்டினாள். உட்காரவில்லை. கிழக்கு வாசல் கண்ணில் பட்டபோது காட்டுக்குள் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது.

வாசலுக்கு வெளியே, காஸ் வண்டியில் சாய்ந்துகொண்டு, கடை மேலங்கியைக்கூட அவிழ்க்காமல் தேஜின் நின்றான். அவர்களைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"ரெண்டு மணியிலேர்ந்து."

"கடை?"

"எட்டரைக்கே எல்லாம் தீந்துபோச்சு."

"அறுபது பேருக்குல்ல வச்சிருந்தேன்!"

"ஒண்ணு வாங்கினவங்களுக்கு ரெண்டு குடுத்தேன். பிரிஞ்சு வந்ததை வேற என்னடி பண்ணச் சொல்ற?"

வண்டிப் படியில் வோல்சனால் காலைத் தூக்க முடியவில்லை. தேஜின் குனிந்து, சிலிண்டரைத் தூக்குகிற அதே வாகில், அவளை முழுசாகத் தூக்கி இருக்கையில் வைத்தான். ஒரு கேலிகூட வரவில்லை. இன்சுக் நடுவில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி மலைச்சாலையில் திரும்பியதும் வோல்சன் சொன்னாள்: "மே மாசம் வடக்குப் பாதையில ஏறணும். அது இன்னும் செங்குத்தாம். நீங்களும் வர்றீங்க."

"சரி, அப்ப யாரு கடையைப் பாக்குறது?"

"இன்சுக்."

"எனக்குச் சுருட்டத் தெரியாது" என்றாள் இன்சுக், கண்ணைத் திறக்காமலே.

"உங்க அண்ணன் கத்துக்குடுப்பார்" என்றாள் வோல்சன்.