காதில் வைத்த பேட்டரி

நாரணாபுரம் ரோட்டில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனிக்குள் யார் போனாலும் வாசலில் இரண்டு கையையும் தூக்கித்தான் ஆக வேண்டும். செல்போன், தீப்பெட்டி, பீடி, இரும்புச் சாவி என்று பொறி கிளப்பக்கூடியது எல்லாம் வெளியே கிடக்கும் மேஜையோடு சரி. பெண்களைச் சோதிக்க ஓர் அம்மாள் உண்டு. ஆண்களை முதலாளி கோட்டைச்சாமியே பார்ப்பார். நாற்பத்தொரு வருஷமாக அவர்தான். பெற்ற மகன் மாரிக்கண்ணனையும் அவர் விட்டதில்லை. நாற்பத்தெட்டு வயது மகன், தன்னிடம் வேலை பார்க்கும் இருநூறு பேர் பார்க்க, தினமும் அப்பன் முன்னால் கையைத் தூக்கி நிற்பான். அந்தக் கை ஒருநாள் இறங்கும்போது கிழவர் கழுத்தில்தான் இறங்கும் என்று ஊருக்குள் பேச்சு.

கோட்டைச்சாமி மழை பொய்த்த ஒரு வருஷத்தில், பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனவர். எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்தில் மேற்கு எல்லையில் பீரங்கிக்குக் குண்டு போட்டார். யுத்தம் இரண்டு வாரத்தில் முடிந்தது. இடது காது அத்தோடு போனது; வலது காதும் வரவர மந்தமானது. பக்கத்துப் பீரங்கியில் ஒருத்தன் காட்டிய அசட்டையால் மூன்று பேரைச் சாக்கில் அள்ளியதையும் அங்கேதான் பார்த்தார். பதினைந்து வருஷ சர்வீஸ் முடிந்து ஊருக்குத் திரும்பி, கரிசல் காட்டில் பட்டாசு வேலைக்கு நாலு ரூம் கட்டினார். இன்று அறுபது ரூம். இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு சாவு கிடையாது. அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையும் கிடையாது. மனைவி செல்லத்தாய் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்த அன்றுகூட, கடைசி ஆள் வெளியேறி, கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனார். வராந்தாவில் நின்ற மகன், "சோதனை முடிஞ்சுருச்சா?" என்று மட்டும் கேட்டான். உள்ளே எல்லாம் முடிந்திருந்தது. அதிலிருந்து ஆறு வருஷமாக வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை. கம்பெனியில் உண்டு, சண்டைக்கு மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் படிக்கும் பேத்தி ஓவியா வந்து, தாத்தாவின் வலது காதில் ஒரு காது மிஷினை மாட்டிவிட்டுப் போனாள். நாற்பது வருஷ வசவை நாலு நாளில் கேட்டார் கோட்டைச்சாமி. செவிட்டு மிலிட்டரி என்பதுதான் தன் பெயர் என்று தெரிந்தது. 'இது எப்பச் சாகும்' என்று லோடு ஏற்றுகிறவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டதும் கேட்டது. கோபம் வரவில்லை. இப்படித்தான் பேசுவார்கள் என்று சரியாகத்தான் கணித்து வைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலையில் மாரிக்கண்ணன் தன் காரில் பஞ்சம்மாளைக் கூட்டி வந்தான். பதினெட்டு வருஷம் அங்கே பட்டாசுக்குள் மருந்து செலுத்தியவள். போன மாதம் அவள் தூக்குவாளிப் பையில் செல்போன் இருந்ததென்று கோட்டைச்சாமி வெளியே அனுப்பியிருந்தார்.

"இவளை எதுக்குலே கூட்டியாந்த?"

"சீசன் தலைக்கு மேல நிக்குது. ஆர்டர் கெடக்கு, ஆள் இல்ல. பஞ்சம்மா இன்னைல இருந்து வேலைக்கு வருது."

"வராது."

"ஒரு மாசம் பட்டினி போட்டாச்சு. இன்னும் எம்புட்டுத்தான் வேணும் ஒங்களுக்கு?"

"ரூலுன்னா ரூலுதான்."

"அணைச்சு வச்ச போனுய்யா," என்றாள் பஞ்சம்மாள். "மகளுக்குப் பேறுகாலம்னு பைல போட்டேன். மறந்துட்டேன்."

"மறந்துட்டேன்னு சொன்னா மருந்து வெடிக்காம இருக்குமா?"

போன மாதம் அழுதவள் இன்று அழவில்லை. அவரையே பார்த்தாள். பார்வை அவர் காதில் போய் நின்றது.

"அய்யா காதுல என்னது அது?"

"மிஷினு."

"அதுக்குப் பேட்டரி உண்டுமா?"

கோட்டைச்சாமியின் கை காதுக்குப் போனது. மூக்குக் கண்ணாடி மாதிரி அதை உடம்போடு சேர்த்துவிட்டார். அது ஒரு சாமான் என்றே மனதில் படவில்லை. நாலு நாளாக ஒவ்வொரு ரூமிலும் மருந்துத் தட்டுக்கு மேல் குனிந்து பார்த்திருக்கிறார்.

மாரிக்கண்ணன் சிரித்தான். "சொல்லுங்கப்பா. பேட்டரி வச்ச சாமான் உள்ள போலாமா? வாசல்ல நீங்க எழுதிப் போட்ட போர்டுதான். வாசிக்கட்டுமா?"

கோட்டைச்சாமி மிஷினைக் கழற்றி மேஜையில், செல்போன்களுக்கு நடுவில் வைத்தார். விறுவிறுவென்று உள்ளே நடந்தார். கிணற்றுக்குள் முங்கியது போல உலகம் அடங்கியது. பத்து எட்டு வைத்திருப்பார். எதிரே நின்ற பெண்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் பார்ப்பதைக் கவனித்துத் திரும்பினார். ஒரு கை தூரத்தில் மாரிக்கண்ணன் நின்றான். வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. போர்மேன் சண்முகவேல் தரையைப் பார்த்தார்.

திரும்பி வந்து மிஷினை மாட்டிக்கொண்டார். "என்னலே கத்துன?"

"நில்லுங்கன்னு கத்துனேன். மூணு தடவை. நீங்க பாட்டுக்குப் போறீக. அதே தீன்னு கத்தியிருந்தா? மிஷினோட போனாலும் ஆபத்து, மிஷின் இல்லாமப் போனாலும் ஆபத்து. ரூலு போட்டவர் நீங்கதான். என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

அவன் சொன்னதில் ஓட்டை எங்கே என்று கோட்டைச்சாமி தேடிப் பார்த்தார். இல்லை.

"சண்முகவேலு, நோட்டுல எழுது. கோட்டைச்சாமி, உள்ள விடக் கூடாது."

"எத்தனை நாளைக்கு மொதலாளி?"

"நாள் போடாத."

சண்முகவேல் பேனாவை மூடுவதற்குள் மாரிக்கண்ணன் உத்தரவு போட்டுவிட்டான். "பஞ்சம்மா, நீ உள்ள போ." அவள் கையைத் தூக்கிச் சோதனை கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்து அவன் போனான். கையைத் தூக்கவில்லை. சட்டைப் பையில் போன் துருத்திக்கொண்டிருந்தது. சண்முகவேலின் கை பாதி எழும்பி அப்படியே தொங்கியது. புது முதலாளியை யார் மறிப்பது?

"ஏலே, நில்லுலே," என்றார் கோட்டைச்சாமி வெளியிலிருந்து. அவன் திரும்பவில்லை. அவன் காதில் ஒரு கோளாறும் இல்லை.

"சின்ன மொதலாளி," என்றாள் பஞ்சம்மாள். "பைல போனு இருக்கு."

"ஒன்னைய உள்ள விட்டதே நான்தான்."

"அதுக்காக ஒங்களோட சேந்து சாகச் சொல்லுதீகளா? வச்சுட்டு வாங்க. இல்லைன்னா நாங்க ரூமுக்குள்ள போகல."

அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் நின்றுவிட்டார்கள். மாரிக்கண்ணன் திரும்பி வந்து போனை மேஜையில் எறிந்தான். கையைத் தூக்கினான். சண்முகவேல் பை, இடுப்பு, கணுக்கால் என்று ஒன்றுவிடாமல் பார்த்தார். அவர் தோளுக்கு மேலாக அப்பனும் மகனும் கண்ணை எடுக்காமல் முறைத்துக்கொண்டார்கள்.

கதவு மூடிய பிறகு பஞ்சம்மாள் கதவுக் கம்பி ஓரம் வந்தாள். "ஒங்களுக்காகச் சொல்லல. எங்க வீட்டு அடுப்பை ஒரு மாசம் அணைச்சவுக நீங்க. நாசமாத்தான் போவீக."

மிஷின் நன்றாக வேலை செய்தது. ஒரு எழுத்துக் குறையாமல் காதில் விழுந்தது.

"கொண்டைல இரும்பு ஊசி இருக்கு," என்றார் கோட்டைச்சாமி. "கழட்டு."

அவள் தலையில் தடவிப் பார்த்தாள். இருந்தது. அதைப் பிடுங்கி, கம்பிக்கு இடையில் அவர் காலடியில் விட்டெறிந்துவிட்டு வேலைக்குப் போனாள்.