கொலுவில் வைத்த வில்

வில் ஏந்துவதற்கென்றே சில கைகள் பூமியில் படைக்கப்படுகின்றன. அவை ஏந்தும் நாள் வரை காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. டில்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த பட்டாபியின் கைகள் அந்த ரகம். இப்படிச் சொன்னது பட்டாபிதான். நாற்பத்தாறு வயது வரை அந்தக் கைகள் ஏந்தியதில் அதிக கனமானது கரோல்பாகிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த இட்லி அரிசி மூட்டை. அதையும் பாதி வழி அவர் மனைவி விஜயலக்ஷ்மிதான் சுமந்தாள்.

டில்லியில் ஏஷியாட் விளையாட்டுப் போட்டிகள் நடந்த வருஷம், வில்வித்தைப் போட்டிக்கான பாஸ் ஒன்று ஆபீஸில் யாரும் கேட்பாரில்லாமல் சுற்றி அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தது. காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தவர், முதல் அம்பு போனதும் மப்ளரை அவிழ்த்துவிட்டார். நாண் ஒரு விம்மு விம்மியது, ஒரு மூச்சு நேரம், எட்டத்தில் வைக்கோல் இலக்கில் 'தப்'. பட்டாபிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் எழுதிய ஆபீஸ் குறிப்புகள் இத்தனை வருஷமாக மேஜை மேஜையாக ஏறிக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. இங்கே, விட்டது போய்ச் சேர்கிறது. அதை விட்டவனே கண்ணால் பார்க்கிறான். ஒரே ஒரு தடவை தானும் அப்படிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அன்றிலிருந்து ரசம் சாதம் பிசையும்போதுகூட அவருடைய இடது கை எதையோ பிடித்தபடி நீண்டிருந்தது.

அடுத்த ஆனியில் வில் வந்தது. மர வில், அரக்கு மெருகு, ஒயிலாகச் சுருண்ட நுனிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் வில் பழக்கும் ரிட்டயர்டு ஹவில்தார் நேகி, நாளைக்கே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். பட்டாபி கேட்கவில்லை. வித்தை தொடங்க விஜயதசமி என்று ஒரு நாள் இருக்கும்போது நாளைக்கு என்ன அவசரம்? அதுவரை வில் பூஜையில் இருக்க வேண்டியது. நவராத்திரி வந்ததும் நாணேற்றிய கோலத்தில், கொலுவில்.

நாணேற்றுகிற வைபவம் கட்டில்மேல் நடந்தது. ஒரு நுனியை விஜயலக்ஷ்மி அமுக்கிக்கொள்ள, மறு நுனியோடு பட்டாபி மல்லுக்கட்டினார். வில் இரண்டு முறை திமிறி அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"ஏன்னா, அதுவே ஒரு பக்கமா வளைஞ்சிண்டுதானே இருக்கு? அது வளையற பக்கமே வளைச்சுக் கட்டிட்டாப் போறது" என்றாள் அவள்.

மந்திரி சபையிலேயே இவ்வளவு தெளிவான யோசனை எழுந்திருக்காது என்று பட்டாபிக்குப் பட்டது. அப்படியே கட்டினார்கள். வில் பிறை நிலா மாதிரி கொலுப்படியில் சாய்ந்து நின்றது. சந்தனம் வைத்தாயிற்று, குங்குமம் வைத்தாயிற்று. சுண்டலுக்கு வந்த மாமிகள் அதன் முன்னால் சாயங்காலம்தோறும் பாடினார்கள். மாடி வீட்டு வைத்தி மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆடிட்டில் இருந்தவர், எதையும் அப்படித்தான் பார்ப்பார்.

"ஓய் பட்டாபி, அம்பு முன்னால போகுமா, பின்னால போகுமா? சொல்லிட்டீர்னா நான் அந்தப் பக்கம் நிக்கமாட்டேன்."

"விஜயதசமி கார்த்தால வாரும். மொத அம்பே வைக்கோல்ல நிக்கும்" என்றார் பட்டாபி. மாமிகள் முன்னால் சொன்னதால் அது சபதமாகிவிட்டது.

விஜயதசமிக் காலையில் வைத்தி மைதானத்துக்கு வந்தார். அவர் மனைவி அனந்தலக்ஷ்மியும், பாடிய மாமிகள் அத்தனை பேரும் வந்தார்கள். புனர்பூஜை முடித்து, பட்டு ஜிப்பாவில் வந்து நின்ற பட்டாபியின் கையிலிருந்து வில்லை வாங்கிய நேகி, அதைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"சாப், யே தோ உல்டா ஹை."

நாணைக் கழற்றி, வில்லைக் காலுக்கிடையில் கொடுத்து, எதிர்ப்பக்கமாக வளைத்து மாட்டினார். சுருண்ட நுனிகள் இப்போது சிறகுபோல முன்னால் விரிந்தன. தட்டியதும் நாண் விம்மியது. அதே விம்மல். ஏஷியாட்டில் பட்டாபி கேட்டது. ஆனாலும் வாய் திறந்தபடி நின்ற அனந்தலக்ஷ்மி மாமிக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

"பூஜைக்கு அப்படித்தான் வைக்கறது" என்றார்.

நேகி நீட்டிய தோல் கைப்பட்டையை, நாண் அடிக்கும் என்று அவர் எச்சரித்தும், பட்டாபி வாங்கவில்லை. பூஜை பண்ணிய கையில் தோலா? நேகி தோளைக் குலுக்கிவிட்டு, வைக்கோல் கட்டை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். கையால் இழுக்காதே, முதுகால் இழு என்று இந்தியில் சொன்னார்.

பட்டாபி இழுத்தார். முதுகில் தனக்கு இப்படி ஒரு சதை இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நாண் தாடையைத் தொட்டது. மாமிகள், வைத்தி, நேகி எல்லாரும் விலகிப்போய், அவரும் வைக்கோலில் ஒட்டிய மஞ்சள் வட்டமும் மட்டும் மைதானத்தில் இருந்தார்கள். விரல்கள் தாமாகவே விட்டன. முழங்கைக்குக் கீழே பளீரென்று ஓர் அறை விழுந்தது.

தப்.

மாமிகள் கை தட்டினார்கள். விஜயலக்ஷ்மி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் அம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. வைத்தி ஓடி வந்து பட்டாபியின் தோளைப் பிடித்துக்கொண்டார். குரலில் கிண்டல் இல்லை.

"ஓய், நின்னுடுத்தே! நான் அந்த நேரம் பார்த்துத் தும்மித் தொலைச்சேன். அம்பு போறச்சே எப்படிய்யா இருந்தது?"

பட்டாபி, சிவந்து தடித்த கையை ஜிப்பாவுக்குள் இழுத்துக்கொண்டு, அம்பையே பார்த்தார்.

"அது... அப்படியே நேரா..." என்று ஆரம்பித்தார்.

அம்பு போனபோது அவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருந்தார்.