கனாயின் வலது கால்

குறை வண்டியிலா, ஓட்டுகிற காலிலா? இந்த ஒரே கேள்விக்காக அந்த இலையுதிர் காலத்தில் மிசாவா ஒரே காரை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் அது வாலைச் சுருட்டிக்கொண்டு சமர்த்தாக ஓடியது. ஜப்பானில் ஷிபுகாவா ஊரில் பத்தொன்பது வருஷமாக மெக்கானிக் வேலை பார்க்கிறவள் அவள். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளிடமே அந்த வண்டி வாயைத் திறக்கவில்லை.

அவள் வேலை பார்க்கிற கார் கடையிலேயே வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு கதவு, கருநீலம், காலை வைத்தால் பறக்கிற ரகம். வாங்கினவர் கனாய், வயது எழுபத்தாறு. முப்பத்தாறு வருஷம் ஹருனா மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அறுபதைத் தாண்டாமல் ஓட்டிய மனிதருக்கு, சாவதற்கு முன்னால் ஒரு நல்ல வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று ஆசை. அதில் என்ன தப்பு? ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"கிளம்பறப்ப நல்லாத்தான் இருக்கு, மிசாவா-சான்," என்றார் முதல் தடவை வந்தபோது. "ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் சேட்டையை ஆரம்பிக்குது. லேசா மிதிச்சா அசைய மாட்டேங்குது. இன்னும் துளி மிதிச்சா எகிறிப் பாயுது. பஸ்ல நான் இப்படி ஓட்டியிருந்தா, நின்னுக்கிட்டு வர்றவங்க எல்லாம் முட்டை அட்டையோட என் மடியிலதான் விழுந்திருப்பாங்க."

"பார்த்துடலாம், கனாய்-சான்."

"ஒண்ணு செய்வோமா? நீங்க பக்கத்துல உட்காருங்க. நான் ஓட்டுறேன். எட்டு கிலோமீட்டர்ல உங்களுக்கே தெரிஞ்சிடும்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு சிரமம்? நீங்க உள்ள உட்கார்ந்து காபி சாப்பிடுங்க. நாங்க பார்த்துக்கறோம்."

எங்கள் ஊர் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மரியாதை என்று வந்துவிட்டால் எங்களுக்குக் கண் தெரியாது. பெயரோடு 'சான்' சேர்க்காமல் யாரையும் கூப்பிட மாட்டோம். வாடிக்கையாளர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். சாவியை இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து வணங்கி, அவரை சோபாவில் உட்காரவைத்துவிடுவோம். அப்புறம் சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை. வண்டித் தரையில் கால் வைக்க விரித்திருக்கிற அவருடைய 'மேட்'டில் நம் அழுக்கு ஷூ படலாமா? அதை இரண்டு கையாலும் எடுத்துப் பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, வெள்ளைக் காகிதம் விரிப்போம். அதற்குப் பிறகுதான் ஆக்சிலேட்டரில் கால் வைப்போம். வேலை முடிந்ததும் மேட்டைத் தூசி தட்டி, பழையபடி விரித்துவிட்டு, வாசல்வரை போய் நின்று, வண்டி கண்ணிலிருந்து மறையும்வரை குனிந்திருப்போம். இதில் எந்தப் படியையும் மிசாவா ஒருநாளும் விட்டதில்லை.

முதல் தடவை பிளக்குகளையும் பெட்ரோல் வரும் வழியையும் பார்த்தாள். இரண்டாம் தடவை காற்று போகிற பாதையைக் கழற்றித் துடைத்து, வண்டியின் கணினிக்குப் புது மென்பொருள் ஏற்றினாள். இரண்டு தடவையும் முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி போயிற்று. இரண்டு தடவையும் தாளில் 'சொன்ன குறை தென்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். கனாய் அதைப் படித்துவிட்டு, "அப்படியா, உங்களுக்கு வீண் சிரமம் கொடுத்துட்டேன்," என்று அவரும் குனிந்தார்.

மூன்றாம் தடவையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, மிசாவா வண்டியில் பதிவுக் கருவி ஒன்றை மாட்டி, பத்து நாள் அவரையே ஓட்டச் சொன்னாள். திரும்பி வந்த பதிவைக் கணினியில் விரித்துப் பார்த்தாள். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆக்சிலேட்டர் மிதி எவ்வளவு இறங்கியது என்று காட்டுகிற கோடுதான் படிக்கட்டு மாதிரி இருந்தது. பத்து சதவீதத்திலேயே நிற்கிறது, நிற்கிறது, திடீரென்று முப்பதுக்குக் குதிக்கிறது. விட்டுவிட்டு மறுபடி பத்து, மறுபடி முப்பது. கால் சொன்னதைத்தான் வண்டி செய்திருக்கிறது.

மேனேஜர் ஹோஷினோ அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? மனுஷனுக்கு எழுபத்தாறு."

"அவர் முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவர், மேனேஜர்."

"அதனாலதான் ஒத்துக்க மாட்டேங்கறார். டிவியில தினம் பார்க்கறோம்ல, கடைக்குள்ள வண்டிய விட்ட கிழவன் ஒருத்தன் பாக்கி இல்லாம 'வண்டிதான் பாய்ஞ்சுது'ன்னுதான் சொல்றான்."

"இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அவர்கிட்ட யாரு சொல்லச் சொன்னா? தாள்ல வழக்கம்போல எழுதிடு. பையன்கிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

மிசாவா வழக்கம்போல எழுதினாள். பக்குவமாகச் சொல்வது என்றால் என்ன என்று பிறகுதான் தெரிந்தது. ஹோஷினோ அந்தக் கோட்டை அச்சடித்து, கனாயின் மகன் மசாதோ கையில் கொடுத்துவிட்டார். மசாதோ கெட்டவன் இல்லை. அப்பா யார்மேலாவது வண்டியை ஏற்றிவிடுவாரோ என்ற பயத்தில் தூங்காமல் கிடந்தவன். சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை அப்பா முன்னால் வைத்தான். டிசம்பர் மாதம் கனாய் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், டிரைவிங் லைசென்ஸைத் தன் கையாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் வயசானவர்கள் அப்படிக் கொடுப்பது வழக்கம்தான். கொடுத்தால் கொடுத்ததுதான். திரும்ப வேண்டுமென்றால் பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து பரீட்சை எழுதவேண்டும்.

ஜனவரியில் மசாதோ வண்டியைக் கடைக்கே விற்றுவிட்டான். போய் எடுத்துவர மிசாவாவை அனுப்பினார்கள்.

பஸ்ஸில்தான் போனாள். கனாய் கதவைத் திறந்தபோது அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இரண்டே மாதத்தில் பத்து வயசு கூடியிருந்தது. வாசற்படியில் இறங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு அடி வைக்குமுன்னும் குனிந்து வலது காலைப் பார்த்துக்கொண்டார், அது எங்கே போகிறது என்று கண்காணிக்கிறவர் மாதிரி.

"கொண்டு போங்க, மிசாவா-சான். பாவம், வண்டி மேல வீணா பழி போட்டேன். அதுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க," என்று சிரிக்கப் பார்த்தார்.

வீடுவரை வந்து வண்டி எடுப்பதால் அவள் கையில் காகிதமும் இல்லை, உறையும் இல்லை. ஷூவின் அடியை வாசல் கேட் பக்கத்துப் புல்லில் நன்றாகத் தேய்த்துவிட்டு, மனசில்லாமல்தான் அவருடைய மேட்டின்மேல் கால் வைத்தாள். குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்பினாள்.

ஆற்றை ஒட்டின ஏற்றம் வருகிற இடத்தில், எட்டாவது கிலோமீட்டர் இருக்கும், வண்டி எகிறிப் பாய்ந்தது.

தன் கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தாள். மறுபடி மெல்ல மிதித்தாள். மிதி இறங்கவில்லை. இன்னும் துளி அழுத்தினாள். எதுவோ நழுவின மாதிரி மிதி மொத்தமாக இறங்க, அவள் தலை சீட்டில் மோதியது. வண்டியை ஓரங்கட்டினாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து, தரையில் முழங்கால் போட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

இந்த வண்டிக்கு மிதி மேலிருந்து தொங்குவதில்லை, தரையோடு சேர்ந்தது. மேட்டின் முன்விளிம்பு ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்து, மிதியின் அடியில் செருகிக்கொண்டிருந்தது. ஓட்ட ஓட்டக் குதிகால் அதை முன்னால் தள்ளும், இறங்குகிற கால் பின்னால் இழுத்துவிடும். அழுத்தினால் விளிம்பு தாங்கும். இன்னும் அழுத்தினால் மடங்கி வழிவிடும். மேட்டைப் பின்னால் இழுத்துவிட்டு மிதித்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. முன்னால் தள்ளி மிதித்தாள். பத்தில் நின்றது, குதித்தது. தரையில் மேட்டை மாட்ட இரண்டு கொக்கி உண்டு. மேட்டின் துளை ஒரு கொக்கிக்குத்தான் பொருந்தியது. இது வேறொரு வண்டிக்குத் தைத்த மேட். சரியானது கையிருப்பில் இல்லையென்று, வண்டி கொடுத்த அன்றைக்கு ஹோஷினோ கடையின் அன்பளிப்பாக இதை விரித்துக் கொடுத்திருந்தார்.

ஒவ்வொரு தடவையும் மிசாவா அந்தக் குறையைத்தான் இரண்டு கையாலும் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, குறையைத் தேடப் போயிருக்கிறாள். சாலை ஓரத்தில் முழங்கால் போட்டபடியே அவள் அழுதாள். அவமானம் தாங்கவில்லை.

ஹோஷினோவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் சொன்னார்: "மேட்டைக் கழற்றிப் பின்னால போடு. வண்டியக் கொண்டா."

"அவர்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"சொல்லி? லைசென்ஸ் திரும்பி வருமா? அந்த மனுஷன் இப்பத்தான் மனசு ஆறி உட்கார்ந்திருக்கார். அதைக் கிளறணுமா?"

"அவர் மனசு ஆறல, மேனேஜர். நான் பார்த்துட்டுத்தான் வர்றேன். அவர் தன் காலையே நம்பாம நடக்கறார்."

"மிசாவா, இது கடை பேரு."

அவள் போனை வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். அவள் வாழ்க்கையில் மேலதிகாரி பேசி முடிக்கும் முன்னால் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

கனாய் வெளியே வந்தார். "என்ன, ஏதாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

அவள் முற்றத்துக் கல்லில் நெற்றி பட மண்டியிட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "உங்க கால்ல ஒண்ணும் இல்ல, கனாய்-சான். எப்பவுமே இல்ல. நாங்க கொடுத்த மேட் மிதிக்கு அடியில போயிருக்கு. நான் ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துட்டு ஓட்டிப் பார்த்தேன். தப்பு என்னோடது."

அவர் அவளை எழுந்திருக்கச் சொன்னார். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்தார். எஞ்சினை அவள் போடவில்லை. மேட்டை முன்னால் தள்ளிக் காட்டினாள். அவர் மிதித்தார்.

"இதேதான்," என்றார்.

அவள் மேட்டை உருவி வெளியே எடுத்தாள். அவர் மறுபடி மிதித்தார். ஒரு முறை, இரண்டு முறை, பத்து முறை, மெல்ல, நின்றுகொண்டிருக்கிற யாருடைய உடம்பும் ஆடாத மாதிரி மிதித்தார். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை.

"லைசென்ஸைக் கொடுத்த அன்னிக்கு அந்த போலீஸ் பொண்ணு எழுந்து நின்னு கை தட்டினா," என்றார். "'இத்தனை வருஷம் பத்திரமா ஓட்டினீங்க, நன்றி'ன்னு எல்லாரும் குனிஞ்சாங்க. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியல. பொய் சொல்லிப் பரிசு வாங்கற மாதிரி இருந்துச்சு. இந்தக் கால் எத்தனை வருஷமா இப்படி இருந்துச்சோ, பஸ்ல இருந்தவங்க மரியாதைக்காக வாயத் திறக்காம வந்தாங்களோன்னு நினைச்சு நினைச்சு..."

அந்த நேரத்தில் மசாதோ மளிகைக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினான். வண்டி முற்றத்தில் நிற்பதையும் அதில் அப்பா உட்கார்ந்திருப்பதையும் பார்த்து முகம் வெளுத்தது. மிசாவா அவனிடமும் முதலிலிருந்து சொன்னாள். அவன் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, மேட்டைப் புரட்டிப் பார்த்தான். பிறகு அப்பாவின் பக்கம் வந்து நின்றான்.

"மன்னிச்சிடுங்கப்பா. நான் அந்தத் தாளை நம்பிட்டேன்."

"நானும்தான் நம்பினேன்."

"ஆனாலும்..." மசாதோ ஆறுதலாகத்தான் சொன்னான். "ஒருவிதத்துல நல்லதுதானேப்பா? எப்படியும் ஒரு நாள் விட்டுத்தானே ஆகணும்."

கனாய் கதவைத் திறந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல் இறங்கி நின்றார்.

"விட்டுத்தான் ஆகணும். பஸ்ஸைக்கூட நான்தான் ஒரு நாள் பார்த்து விட்டேன். ராத்திரியில கண்ணு கொஞ்சம் மங்குற மாதிரி இருந்துச்சு, கம்பெனியில யாருக்கும் தெரியாது, நானே போய் எழுதிக் கொடுத்தேன். இதையும் அப்படி ஒரு நாள் நானே போய்க் கொடுத்திருப்பேன், மசாதோ. அந்த நாள் என்னோடது. அதை எடுத்துட்டீங்க."

மிசாவா குனிந்து வணங்கப் போனவள், அதற்கும் தகுதி இல்லை என்று தோன்றி, நிமிர்ந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.