கறை படாத சட்டை

என் அம்மா ஷரீபுன்னிசா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். டியூப் லைட்டுக்குக் கீழே குவிந்து கிடக்கும் டி-சர்ட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளுவாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. கல்யாணத்துக்குப் போனால் மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டாள், சேலையைப் பார்ப்பாள். "முந்தில ஒரு சொட்டுக் கொழம்பு, பாத்தியா?" என்று என் காதைக் கடிப்பாள். எனக்கு மானம் போகும்.

அத்தா முஸ்தபா கட்டிங் மாஸ்டராக இருந்தவர். சர்க்கரை முதலில் அவர் கண்ணைத் தொட்டது, பிறகு இரண்டு கிட்னியையும் தின்று தீர்த்தது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் என்று ஆனபோது வேலையை விட்டுவிட்டார். மெஷினில் ரத்தம் ஏற்றி இறக்க வசதியாக வலது கையில் ஓர் ஆபரேஷன் செய்தார்கள், அது தேறவில்லை. இடது கையில் செய்தது பலித்தது. இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த அந்த இடம் முழங்கைக்குக் கீழே கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கும். தொட்டால் உள்ளே உறுமுவது கைக்குத் தெரியும். ஃபிஸ்டுலா என்று பெயர். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, எடை தூக்கக் கூடாது, வாட்ச் கூடக் கட்டக் கூடாது.

"இந்த உறுமல் இருக்கிற வரைக்கும் கவலையில்லை. இது நின்னுபோச்சுன்னா அடுத்துப் போட உங்க கையில இடமில்லைங்க," என்று டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

அத்தா தினமும் எழுந்ததும் அந்தக் கையைக் காதில் வைத்துக் கேட்பார். "மெஷின் ஓடுது, கரண்ட் இருக்குது," என்று அறிவித்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவார்.

இந்த நிலையில்தான் எனக்கு வரன் வந்தது. பெருமாநல்லூர் ரஷீத் மாமுவின் மகன் அஹ்ஸன். நல்ல இடம். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடவே பயமும் பிடித்துக்கொண்டது.

"டயாலிசிஸ்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. சக்கரை இருக்குது, அதுல ஆளு கொஞ்சம் வீக்குன்னு சொன்னாப் போதும்," என்றாள்.

"நாளைக்கித் தெரிஞ்சா என்னம்மா பண்ணுவே?"

"நீ கட்டிக்கிட்டுப் போனப்பறம் தெரிஞ்சுக்கட்டும் ஷமீமா. அப்பனுக்கு வந்தது மவளுக்கும் வரும்னு எவளாவது ஒரு வார்த்தை சொல்லீட்டா, அதத் தொவைக்க முடியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. என் கோபத்தை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அத்தா என்னைப் பார்த்து, "உங்கம்மா சொல்றபடியே இருக்கட்டும் கண்ணு," என்றார். அவருக்கு அம்மா சொல்வதுதான் எப்போதும் சரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டிலேயே நிச்சயம் என்று முடிவானது. சனிக்கிழமை அத்தாவின் டயாலிசிஸ் முறை. போனால், சென்டரில் தண்ணீர் சுத்தம் செய்கிற பிளாண்ட் ரிப்பேர், நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "திங்கக்கிழமை போய்க்கலாம், ஒருநாள்தானே," என்றார் அத்தா. அம்மா ஒப்பவில்லை. "மூச்சு வாங்கிக்கிட்டு அவங்க முன்னால உட்காருவீங்களா? காலைல போயிட்டு வந்தறலாமுங்க," என்று அடித்துச் சொன்னாள். இதில் அவள் செய்தது முழுக்கச் சரி. அவளைக் குறை சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் டயாலிசிஸ் முடிந்து வந்தால் சில சமயம் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசியும். சட்டையில் இரண்டு சொட்டாவது விழுந்துவிடும். நிச்சயத்துக்கு அத்தாவுக்கு எடுத்திருந்ததோ பால்வெள்ளை முழுக்கைச் சட்டை. சம்பந்தி வீட்டார் முன்னால் அந்த வெள்ளையில் ரத்தம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதே அம்மாவின் கவலை. வேலை பார்க்கிற இடத்தில் ஒரு பொட்டுக் கறை இருந்தால் முழு உருப்படியும் ரிஜெக்ட். அவளுக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் இயங்குகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனியில் மிச்சம் விழுந்த ரிப் துணியை எடுத்து வந்தாள். டி-சர்ட்டுக் கழுத்துக்கும் கைக்கும் வைக்கிற, இழுத்தால் நீளும் லைக்ரா துணி. அதை இரண்டாக மடித்து, பக்கத்து வீட்டு அமராவதி அக்காவின் மெஷினில் கொடுத்து, முன்கையை மூடுகிற மாதிரி ஒரு பட்டை தைத்து வாங்கினாள். இடது கையில் டேப் சுற்றக் கூடாது என்ற பயத்தில் அளவை அத்தாவின் வலது கையில் எடுத்தாள். வலது கை மெலிந்த கை. இடது கையில்தான் அந்தக் கயிறு புடைத்து நிற்கிறது. வாழ்நாளெல்லாம் மார்க்கர் போட்டுத் துணி வெட்டிய அத்தாவும் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கும் உறைக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிறு காலை சென்டரில் ஜோதிகா என்ற பெண் ஊசிகளை எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டினாள். "இன்னிக்கு மூணு நாள் தண்ணியச் சேத்து எடுத்திருக்கறோம். பிரஷர் கம்மியா இருக்குது. பஞ்ச லேசா அமுத்திக்கங்க, நின்னதும் விட்டுருங்க. இறுக்கமா எதுவும் வேண்டாமுங்க," என்றாள்.

"சரிங் கண்ணு," என்று அம்மா தலையாட்டினாள். பொய்யாக ஆட்டவில்லை. இறுக்கம் என்றால் அவளுக்குக் கயிறு, நாடா, எலாஸ்டிக். ரிப் அப்படி இல்லையே. ஊர் உலகமே அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறது.

வீட்டுக்கு வந்து பஞ்சின் மேலேயே பட்டையை ஏற்றிவிட்டு, அதற்கு மேல் சட்டையைப் போட்டுவிட்டாள்.

"கொஞ்சம் புடிக்குதே புள்ள," என்றார் அத்தா.

"புதுசு அப்படித்தானுங்க இருக்கும். போடப் போட லூசாயிரும்."

மத்தியானம் பெருமாநல்லூரிலிருந்து வந்து இறங்கினார்கள். சலாம் சொல்லிக் கட்டித் தழுவிக்கொண்டார்கள். துஆ ஓதினார்கள். அஹ்ஸனின் அம்மா மெஹ்ஜபின் என் தலையில் பூ வைத்து, வளையல் மாட்டிவிட்டார். கூடத்தில் ஆண்களுக்குப் பிரியாணி விளம்பினார்கள். அத்தாவின் தட்டில் பருப்புத் தால்ச்சா ஊற்ற வந்த ஆளை ரஷீத் மாமு கையைக் காட்டி நிறுத்தி, "அவருக்கு வேண்டாமுங்க, எனக்கு ஊத்துங்க," என்றார். வந்த வீட்டில் இந்த மனுஷனுக்கு இவ்வளவு அதிகாரமா என்று உள் அறையிலிருந்து பார்த்த எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உள்ளே மெஹ்ஜபின் தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்த வேன் அவிநாசி ரோட்டில் நின்றுபோய், மாப்பிள்ளையே இறங்கித் தள்ளிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அத்தாவுக்கு உடம்பு கெட்டதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பொழுது சாய்ந்து மக்ரிப் நேரத்துக்கு எல்லோரும் கிளம்பினார்கள். அம்மா சட்டையைக் கழற்றி, பட்டையை உருவி, பஞ்சை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது. சட்டையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். "ஒரு பொட்டு இல்ல," என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. அத்தா போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் அத்தா எழுந்து கையைக் காதில் வைக்கவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். உறுமல் இல்லை. புடைப்பு மட்டும் கல்லு மாதிரி இருந்தது.

சென்டரிலிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஆபரேஷன் செய்கிற டாக்டர் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார்.

"ராத்திரி தூக்கத்துல கை மேல படுத்துட்டேனுங்க," என்றார் அத்தா.

"எத்தனை தடவை சொல்லி அனுப்பறோம்? இருக்கிறது ஒரு கை. அதைப் பாத்துக்க மாட்டீங்களா?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

அம்மாவால் தாங்க முடியவில்லை. "அவர வையாதீங்க டாக்டர். நாந்தானுங்க ரத்தம் வருமின்னு ரிப் துணியத் தெச்சு மாட்டிவிட்டேன். மத்தியானத்துல இருந்து மக்ரிப் வரைக்கும் கையிலதானுங்க இருந்துச்சு," என்றாள்.

டாக்டர் அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "பிரஷரும் கம்மியா இருந்திருக்கு, துணியும் அழுத்தியிருக்கு, ரத்தம் உறைஞ்சிருச்சு. நேத்தே வந்திருந்தா எடுக்கறது சுலபம். பாக்கறோம்," என்றார்.

கையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். கொஞ்ச நேரம் ஓடியது, மறுபடி நின்றது. அதோடு அந்தக் கை முடிந்தது. கழுத்தில் ஒரு குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு மார்புக்கு மேலே நிரந்தரமாக ஒன்று வைத்தார்கள். தண்ணீர் படக் கூடாது, குழாய் வழியாகக் கிருமி நேரே ரத்தத்துக்குள் போகும், குளிர் ஜுரம் என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று எச்சரித்தார்கள். அம்மா வேலைக்குப் போகாமல் அத்தாவின் பக்கத்திலேயே இருந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் உரிந்தது.

அப்படியும் ஜுரம் வந்தது. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அத்தா கட்டில் ஆட நடுங்கினார். ரத்தத்தில் கிருமி என்றார்கள். இருந்த குழாயை எடுத்துவிட்டுத் தொடைப் பக்கம் வேறு குழாய் வைத்து, மருந்து ஏற்றினார்கள். பிழைப்பாரா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஜுரம் கொஞ்சம் இறங்கிய அன்று ரஷீத் மாமு பார்க்க வந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க கிட்ட மறைச்சுட்டோமுங்க. மன்னிச்சுக்கங்க," என்றாள்.

ரஷீத் மாமு தலையைக் குனிந்துகொண்டார். "எங்களுக்குப் பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாலயே தெரியுமுங்க. எங்க சின்னம்மாவும் அதே சென்டர்லதான். அவங்களக் கூட்டிட்டு வரும்போது மச்சானப் பலதடவ பாத்திருக்கறனுங்க. டயாலிசிஸ் பண்றவங்களுக்குப் பருப்பு சேராதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? அதுதான் அன்னிக்கு விளம்ப வந்தவரத் தடுத்தேன்."

"அப்பறம் ஏனுங்க ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களாச் சொல்லாதத நாங்க எப்படீங்க கேக்கறது? மரியாதையா இருக்காதுங்களே."

அந்த மரியாதையை அள்ளிக்கொண்டு போய் நொய்யல் ஆற்றில் கொட்ட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் நல்ல மனுஷர், அதனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் போன பிறகு அம்மா கட்டில் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். "தெரிஞ்சவங்களுக்கு மறைக்கறதுக்காக உங்க கையக் கொன்னுட்டேனே," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "உன்மேல தப்பு இல்ல புள்ள. சாப்பிட உட்காரும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கையில உறுமல் நின்னுபோச்சுன்னு," என்றார்.

அவளுக்கு ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அப்பவே கழட்டியிருக்கலாமில்லீங்க? என்னக் கூப்பிட்டிருந்தா நான் கத்தரிக்கோலப் போட்டு வெட்டி வீசியிருப்பனே. அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பமே."

"கூப்பிடலாம்னுதான் எந்திரிச்சு கதவு வரைக்கும் வந்தேன்," என்றார் அத்தா. மூச்சு வாங்கியது. "நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே. எத்தன நாளாச்சு நீ சிரிச்சு. அவங்க கெளம்பற வரைக்கும் போகட்டும்னு திரும்பிப் போயிட்டேன். அப்பறம் பட்டையக் கழட்டினா தானா ஓடிரும்னு ஒரு நப்பாசை. படுத்துக்கிட்டு ராவெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தேன்."

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபமாக வந்தது, இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. அதற்குள் நர்ஸ் வந்து மருந்து மாற்ற வேண்டும், வெளியே இருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அத்தா அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார். அஹ்ஸனோடு நடந்த என் நிக்காஹுக்கும் இருந்தார். மார்பில் மறுபடி வைத்த குழாயைச் சட்டை மறைத்திருந்தது. உடம்பில் பாதிதான் மிச்சம் இருந்தது. ஆண்கள் கூட்டத்தில் உட்காராமல், பெண்கள் பக்கத்துக் கதவோரம் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். மகளைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. அன்று முழுக்க அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.