கன்வெட்டருக்கு இடம் எங்கே

வண்டிக்குள் எது எங்கே இருக்கவேண்டும் என்று கோலமாவால் தரையில் வரைந்து காட்டியவள் நான்தான். கட்டில், அடுப்பு, தண்ணீர் டிரம், படம் கழுவும் இருட்டறை, கேமராப் பெட்டி, என் புடவைப் பெட்டி எல்லாம் வரைந்தேன். அரசலாற்றங்கரையில் நூகு பாயுடைய மோட்டார் ஷெட்டில், அசல் அளவுக்கு, அடிமேல் அடி வைத்து அளந்து வரைந்தது. ஷெட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். இத்தனையும் வரைந்த மகராசி, கன்வெட்டருக்கு மட்டும் இடம் விட மறந்துவிட்டேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். இவர் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர். பெயர் மாணிக்கவேல். வாயால் சொல்லமாட்டேன், எழுதினால் தப்பில்லை. காரைக்காலில் போட்டோக் கடை வைத்திருந்தார். கடையில் இருந்த நாளைவிடத் திருவிழாவில் இருந்த நாள் அதிகம். நாகூர், வேளாங்கண்ணி, திருநள்ளாறு என்று முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பத்து நாள், பதினைந்து நாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் இவரோடு இருந்ததைவிட இவருடைய அக்காவோடு இருந்ததுதான் ஜாஸ்தி. அக்கா நல்லவர். ஆனால் நான் கழுத்தை நீட்டியது அக்காவுக்கு இல்லையே.

அதனால்தான், பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிப் போன மறுவருஷம், அவன் விட்டுப்போன பழைய லாரி ஒன்று கைக்கு வருகிறது என்று நூகு பாய் சொன்னபோது நான் துள்ளிக் குதித்தேன். நூகு பாய் மெக்கானிக். சைகோனில் பிரெஞ்சுக்காரன் கராஜில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

"ஏங்க, அதுமேல ஒரு வீட்டக் கட்டுங்க. நீங்க படம் புடிங்க, நான் சோறாக்குறேன். ஊர் ஊரா ரெண்டு பேருமே போவலாம்" என்றேன்.

இவர் சிரித்தார். மூன்று நாள் கழித்துச் சிரிக்காமல் வந்தார். கண்ணெல்லாம் மின்னியது.

"அஞ்சுகம், வண்டியிலயே இருட்டறை இருந்தா, புடிச்ச படத்த அங்கயே கழுவி ஒரு மணி நேரத்துல கையில குடுத்துடலாம். இந்த ஜில்லாவுல ஒருத்தனும் குடுத்ததில்ல!"

அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது? அந்தக் கார்த்திகையில் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி. ஜனங்கள் நளதீர்த்தத்தில் முழுகிப் பழைய துணியை அங்கேயே விட்டுவிட்டு, புதுத்துணி உடுத்திக் கரையேறுவார்கள். ஏழரை வருஷம் ஆட்டிவைத்த சனி அப்போதுதான் விட்டிருக்கும். அந்த முகத்தைப் படம் பிடித்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை வராது? 'ஏழரை விட்ட முகம், ஒரு மணி நேரத்தில்' என்று வண்டியின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதச் சொன்னேன். அந்த வாசகம் என்னுடையது. இவர் இன்றைக்கும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நம்பாதீர்கள்.

பெயர்ச்சிக்கு எட்டு நாள் இருக்கும்போது கன்வெட்டர் வந்தது. சின்ன பிலிமில் இருப்பதைக் காகிதத்தில் பெரிதாக்கும் என்லார்ஜருக்கு வீட்டுக் கரண்டு வேண்டும். கார் பல்பைப் போட்டுப் பார்த்தோம், வெளிச்சம் நடுவில் மட்டும் குத்தியது. நூகு பாய் நாகப்பட்டினத்தில் அலைந்து, கப்பலில் வயர்லெஸ்ஸுக்கு வைத்திருந்த கன்வெட்டர் ஒன்றைப் பிடித்து வந்தார். இரும்பு உருளை. தூக்க இரண்டு ஆள் வேண்டும். பேட்டரிக் கரண்டை ஒரு பக்கம் வாங்கித் தானே சுழன்று, மறுபக்கம் வீட்டுக் கரண்டாகக் கொடுக்கும். ஷெட்டில் தரையில் வைத்து ஸ்விட்சைப் போட்டார். உருளை ஒரு உதறு உதறியது, ஊ என்று கூவியது, பல்பு பளிச்சென்று எரிந்தது. மூன்று பேரும் கத்தின கத்தலில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து என்ன என்று கேட்டார்கள்.

கத்தி முடித்த பிறகுதான் நூகு பாய் என் கோலத்தைப் பார்த்தார்.

"இத எங்க வப்பீங்க?"

"டிரைவர் சீட்டுக்கு அடியில வச்சிடலாம் பாய். பேட்டரியும் அங்கதான இருக்கு" என்றார் இவர்.

"வச்சிட்டு நேரா மையத்தாங்கொல்லைக்குப் போய்ப் பொதைஞ்சுக்க வேண்டியதுதான். பேட்டரியிலேருந்து வாயு கெளம்பும். இது உள்ளுக்குள்ள பொறி பறக்கச் சுத்துது. ரெண்டையும் ஒரே பெட்டியில யாராச்சும் வப்பாங்களா தம்பி?"

"அப்ப கூரைமேல வைங்க" என்றேன் நான்.

"பேட்டரியிலேருந்து இதுக்கு வர்ற கம்பி ஒரு பாகத்துக்கு மேல, அதான் ரெண்டு கைய விரிச்ச நீளத்துக்கு மேல, போவக் கூடாது தங்கச்சி. நீண்டுச்சுன்னா கரண்டு வழியிலயே செத்துடும். இதுலேருந்து வெளிய போற கம்பிய வேணும்னா பூவம் ஊரு வரைக்கும் இழுத்துக்குங்க, ஒண்ணும் ஆவாது."

வண்டிக்கு அடியில் தொங்கவிடலாமா என்று இவர் கேட்டார். கார்த்திகை மழையில் திருநள்ளாறு ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். நூகு பாய் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

மிச்சம் இருந்தது ஒரே இடம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. அதற்கு இந்தப் பக்கம், வண்டிக்கு உள்ளே. பேட்டரிக்குக் கிட்டத்தில், ஆனால் வேறு அறை. மழை படாது. ஒரே ஒரு நிபந்தனை, ஓடும்போது சூடாகும், சுற்றிலும் காற்று வேண்டும், மேலே ஒன்றும் மூடக்கூடாது. அந்த இடத்தில்தான் நான் கட்டிலை வரைந்திருந்தேன்.

இவர் கோலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டில எடுத்துடலாம். நான் டிரைவர் சீட்டுல மொடங்கிக்குவேன். இந்த ஒரு தடவ நீ அக்காகூட இருந்துக்க அஞ்சுகம். அடுத்த தடவ பாத்துக்கலாம்."

இந்த ஒரு தடவ! மூன்று வருஷமாக நான் கேட்டு வந்த வார்த்தை அது. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. குனிந்து கட்டிலைப் புறங்கையால் அழித்தேன். அங்கே வட்டமாக ஒரு உருளை வரைந்து, கீழே கொட்டை எழுத்தில் 'சக்களத்தி' என்று எழுதினேன். நூகு பாய் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார். அழுகை வந்தது, அழவில்லை. கட்டில் போனால் நான் போனேன், அவ்வளவுதான் கணக்கு. அதை அவர்கள் முன்னால் அழுது கெடுத்துக்கொள்வதாக இல்லை.

மறுநாள் சக்களத்தியை வண்டித் தரையில் போல்ட் போட்டு முறுக்கினார்கள். நான் வேண்டுமென்றே வண்டிக்குள் என் அடுப்பில் குழம்பு வைத்தேன். போகிறவரைக்கும் என் வீடுதானே அது. ஸ்விட்சைப் போட்டதும் தரைப்பலகை முழுக்க நடுங்கியது. கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. குழம்புச் சட்டியின் மூடி தானே தாளம் போட்டது.

இவர் இருட்டறையிலிருந்து முகம் செத்து வெளியே வந்தார். கையில் கட்டை விரல் அகலத்துக்கு ஈரக் காகிதத் துண்டு. சோதனைக்கு முழுக் காகிதத்தைப் பாழாக்கமாட்டார், இப்படித் துண்டு வெட்டித்தான் பார்ப்பார். அதில் ஒரு பெண்ணின் கண்ணும் பாதி மூக்கும் இருந்தன. கண் இரண்டாகக் கலங்கி, மூக்குக்கு ஓரமே இல்லை.

"தரை ஆடுதா, என்லார்ஜரும் ஆடுது. படம் பூரா கலங்கிப் போவுது."

"யாருங்க இந்தப் பொம்பள?"

"யாரோ. பழைய பிலிம்" என்று சொல்லித் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் அவ்வளவு அவசரம் என்று எனக்குச் சுருக்கென்றது.

மூன்று நாள் அதே பாடு. கன்வெட்டருக்கு அடியில் தென்னை நார் வைத்தார்கள். நார் கருகி நாற்றம் எடுத்தது. லாரி டயரை வெட்டி வைத்தார்கள். கொஞ்சம் தேவலை, ஆனால் மூக்குக்கு இன்னும் ஓரம் வரவில்லை. எனக்குள்ளே ஒரு பாதி, நல்லா வேணும் என்றது. மறுபாதிக்குப் பயமாக இருந்தது. வண்டி போகாவிட்டால் நானும் போகவில்லை என்பது மட்டுமில்லை, இந்த மனுஷன் மனசு உடைந்துபோவார். பெயர்ச்சிக்கு நான்கு நாள்தான் இருந்தது.

நான்காம் முறை ஸ்விட்ச் போட்டபோது நான் வெங்காயம் எடுக்கக் கையைத் தூக்கினேன். எங்கள் ஊர் திருவேட்டக்குடியில் கிழிந்த வலையை யாரும் எறியமாட்டார்கள். ஒரு துண்டு வெட்டிப் பை மாதிரி சுருக்கி, வெங்காயம் போட்டு உத்தரத்தில் தொங்கவிடுவோம். வண்டியிலும் அப்படித்தான் தொங்கவிட்டிருந்தேன். கரண்டி ஆடுகிறது, சட்டி ஆடுகிறது, என் கால் ஆடுகிறது. வெங்காயம் மட்டும் சும்மா நிற்கிறது! ஒரு சருகுகூட அசையவில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "இல்ல, நிறுத்தாதீங்க! இங்க வந்து பாருங்க!"

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். நான் வெங்காயத்தைக் காட்டினேன். இவருக்குப் புரியவில்லை.

"வண்டி ஆட்டம் வெங்காயத்துக்கு ஏறல. அப்ப வெங்காயத்தோட ஆட்டமும் வண்டிக்கு எறங்காது. சக்களத்தியத் தூக்கி வலையில போட்டுத் தொங்கவிடுங்க!"

நூகு பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஸ்விட்சப் போட்டா உதறும் தங்கச்சி. தொங்குனா முறுக்கிக்கிட்டு கம்பியப் பிச்சிடும்."

"படகுல தண்ணிப்பானைய எப்புடிக் கட்டுவாங்க பாய்? மேல நாலு கட்டு, கீழ நாலு கட்டு. அலையில படகே எகிறுனாலும் பானை ஒடையாது. கீழ் கட்டுக்கு மட்டும் சைக்கிள் டியூப வெட்டிக் கட்டுங்க. உதறட்டும், ரப்பர் இழுத்துப் புடிச்சுக்கும். வலைன்னா நாலு பக்கமும் காத்தும் வரும், சூடும் தங்காது."

"வெங்காய வலை தாங்குமா?"

"சுறா வலை தாங்கும்."

அன்றைக்கே மார்க்கெட்டுக்கு ஓடினேன். என் அண்ணன் பெண்டாட்டி பவுனம்மாள் தினமும் திருவேட்டக்குடியிலிருந்து அங்கே மீன் கொண்டுவருவார்.

"அண்ணி, நாளைக்கு ஒரு முழு ஆள் நீளத்துக்கு சுறா வலைத் துண்டு வேணும்."

"எதுக்குடி? ஒம் புருசன ஊருக்குப் போவாம கட்டிப் போடவா?"

"கூடவே போறதுக்கு அண்ணி!" என்றேன். அவர் கையிலிருந்த சங்கரா மீன் நழுவும்படி சிரித்தார்.

மறுநாள் கூடையில் மீனுக்கு அடியில் வலை வந்தது. விரல் தடிமன் கயிறு, கண் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மீன் வாடையும் இவருடைய மருந்துத் தண்ணீர் வாடையும் சேர்ந்து வண்டி குமட்டியது, எனக்கு அது மல்லிகைப்பூவாக மணத்தது. முடிச்சு அத்தனையும் நானே போட்டேன். கூரைச் சட்டத்திலிருந்து நான்கு, கீழே டியூபில் நான்கு. இடுப்பு உயரத்தில், அதே தடுப்புக்குப் பக்கத்தில் சக்களத்தி ஊஞ்சலில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கீழே தரை காலியாகக் கிடந்தது.

"பாய், கட்டிலோட கால்மாட்ட அதுக்கு அடியில விட்டா?" என்று கேட்டேன்.

"ஓடுறது பகல்ல. படுக்குறது ராத்திரியில. கட்டில்லேருந்து ஒரு முழம் மேல நிக்குது. என்ன கெட்டுப்போச்சு, போட்டுக்குங்க" என்றார் நூகு பாய். "மொதல்ல ஓடுதா பாப்போம். பிஸ்மில்லா."

ஸ்விட்சைப் போட்டார். உருளை வலைக்குள் வெடுக்கென்று உதறியது. டியூப் நான்கும் விறைத்து இழுத்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது சமர்த்தாகக் கூவிக்கொண்டிருந்தது. கரண்டிகளைப் பார்த்தேன். ஒன்றும் கலகலக்கவில்லை. நூகு பாய் தண்ணீர்க் குவளையைத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! தண்ணி அசையல!"

இவர் இந்தத் தடவை துண்டு வெட்டவில்லை. முழுக் காகிதத்தோடு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எனக்கு நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

"அஞ்சுகம்!" என்று கத்திக்கொண்டு கதவை உதைத்துத் திறந்து வந்தார்.

கையில் நீர் சொட்டும் படம். மூக்குக்கு ஓரம் இருந்தது. கண்ணில் இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. தாடையில் அம்மைத் தழும்பு. எனக்கும் தாடையில் அதே இடத்தில் தழும்பு உண்டு. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் எங்கள் ஊர்க் கடல். மாசிமகத்துக் கடலாட்டுக் கூட்டத்தில் கையைக் கண்ணுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இது நானு!"

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே புடிச்சது" என்றார். காதுவரைக்கும் சிவந்திருந்தார்.

"மூஞ்சியெல்லாம் ஏன் கோடு கோடா இருக்கு?"

"பிலிம் தேஞ்சிருக்கு. கலங்கலா இருந்தப்ப கோடு தெரியல." படத்தை என் கையில் கொடுத்தார். "மூணு வருசமா சட்டைப்பையில வச்சிட்டுத்தான் ஊரூரா போறேன். வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சிப் பாப்பேன். முடி வெள்ளையா மூஞ்சி கறுப்பாத் தெரிவ. இருந்தாலும் பாப்பேன்."

நூகு பாய் திடீரென்று வெளியே ஏதோ வேலை இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் கோபமும் வந்தன. மூன்று வருஷம் அக்கா வீட்டில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த ஆள் நாகூரில் நின்றுகொண்டு என்னைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

"அந்தப் பிலிமக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க. இனிமே அது ஒங்களுக்கு எதுக்கு? நான்தான் கூட வர்றேனே."

கொடுத்தார். அதைப் புடவைப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். இவர் பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் கொண்டுபோய், நான் கோலமாவில் வரைந்திருந்த அதே இடத்தில் வைத்தார். அப்புறம் கட்டிலை எடுத்து வர இறங்கினார்.