பொழுதுபோக்கு உறுப்பினர்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளுக்கும் அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்க ஒரு வியாழக்கிழமை மாலையில், மாடிவீட்டு அக்கா கீழே இறங்கி வந்து ஊசிக்காரியின் சாப்பாட்டு மேஜைமேல் வழவழப்பான ஒரு புத்தகத்தை வைத்தார். கைவினைப் பொருட்களைக் கடையில் வைக்காமல் ஆள் பிடித்து, அந்த ஆளைக் கொண்டு இன்னொரு ஆளைப் பிடித்து விற்கும் ஒரு கம்பெனியின் புத்தகம் அது. அதில் சேருவதா வேண்டாமா என்று ஊசிக்காரி முடிவு சொல்ல வேண்டும். உலகம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. அடுத்த அறையில் அவள் கணவர் மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஊசிக்காரி என்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். காலையில் வெறும் வயிற்றோடும் வெறுத்த முகத்தோடும் வருகிறவர்களின் கையைப் பிடித்து நரம்பு தேடுவது அவள் வேலை. அவளைக் கண்டால் குழந்தைகள் அழும். பெரியவர்கள் மின்விசிறியைப் பார்ப்பார்கள். நாள் முழுக்க எவருக்கும் வேண்டாத விருந்தாளியாக இருந்துவிட்டு வருகிறவளுக்கு வாரத்தில் ஒரு பொழுது மட்டும் வேறு மாதிரி. சனிக்கிழமை மதியம் மாடியக்கா வருவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்வார்கள்.

மாடியக்கா ஓய்வுபெற்ற தட்டச்சர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் தொலைவில் இருந்துகொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு தன் கடனைத் தீர்த்துக்கொள்கிறான். அட்டையில் ஒரு பூவைப் பதிக்க இரண்டு ரப்பர் முத்திரைகள் வேண்டும்: கோட்டுக்கு ஒன்று, உள்ளே நிறத்துக்கு ஒன்று. ஆரம்பத்தில் விலையைப் பார்த்து மலைத்துப்போய் ஒரு ஜோடியை இருவரும் பங்கு போட்டு வாங்கினார்கள். கோடு கீழ்வீட்டில், நிறம் மேல்வீட்டில். அதற்குப் பிறகு வாங்கிய எல்லாமே அப்படித்தான். அந்தக் கட்டடத்தில் எவளும் தனியாக ஒரு முழுப் பூவைப் பூக்க வைக்க முடியாது. செய்த அட்டைகளை அனுப்ப இருவருக்குமே அத்தனை உறவு இல்லாததால் ஒருவருக்கொருவர் பிறந்தநாள் வாழ்த்தாகக் கொடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் இருவரும் மாதாமாதம் பிறந்தார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் கம்பெனி மூக்கை நுழைத்தது. வைரத் தலைவி என்ற பட்டம் தாங்கிய ஓர் அம்மாள் மாடியக்காவை எங்கோ வரிசையில் நிற்கும்போது பிடித்து, இரண்டே வாரத்தில் வெண்கல வழிகாட்டியாக உயர்த்திவிட்டார். ஆயுள் முழுக்க அடுத்தவர் கடிதத்தைத் தட்டச்சு செய்து தேய்ந்த விரல்களுக்கு முதல்முறையாக ஒரு பட்டம் கிடைத்திருந்தது. தனக்குக் கீழே ஓர் ஆளைச் சேர்க்காவிட்டால் வெண்கலம் ஈயமாகிவிடும்.

"நீ ஒண்ணும் விக்க வேண்டாம். பொழுதுபோக்கு உறுப்பினர்னு ஒரு வகை இருக்கு. உனக்கு வேண்டியதை மட்டும் தள்ளுபடியில வாங்கிக்கலாம்" என்றார் மாடியக்கா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவ்வளவாவது வாங்கியாக வேண்டும் என்பதைக் கொஞ்சம் இருமிக்கொண்டே சொன்னார். பிறகு மடியில் இருந்த ஒரு தாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "உன்னோட கனவு என்ன?" என்று கேட்டார்.

"பல்லு கொட்டுற மாதிரி அடிக்கடி வருதுக்கா."

அந்தத் தாளில் இதற்குப் பதில் இல்லை போலிருந்தது. மாடியக்கா புத்தகத்தை விட்டுவிட்டு மாடியேறிப் போனார்.

கணவர் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. எழுந்து வந்து புத்தகத்தைப் புரட்டியவர், "நாள் பூரா முத்திரை குத்துறதுக்கு எங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. இவங்க உன்கிட்ட வாங்கிட்டுக் குத்தச் சொல்றாங்க. உஷாரான ஆளுங்கதான்" என்று கம்பெனியைப் பாராட்டிவிட்டு டீ கேட்டார்.

ஊசிக்காரிக்குத் தள்ளுபடி பெரிதில்லை. அவளிடம் இருக்கிற காகிதத்தை வெட்டித் தீர்ப்பதற்கே இன்னொரு பிறவி வேண்டும். தாளைப் பார்த்துப் பேசிய அந்தக் குரல்தான் அவளை உறுத்தியது. மறுநாள் வேலையில் கவனம் பிசகி, ஒரு பெரியவரின் கையில் இரண்டு முறை குத்தினாள். அவர் மின்விசிறியிடம் ஏதோ முறையிட்டார். மாலையில் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். கூடத்தில் பிரிக்காத அட்டைப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. உட்கார இடம் இல்லாததால் நின்றுகொண்டே கேட்டாள்.

"அக்கா, நான் சேரலேன்னா சனிக்கிழமை வருவீங்கல்ல?"

மாடியக்கா ஒரு பெட்டியின் ஓரத்து டேப்பை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். "வராம என்னடி... ஆனா கூட்டமே சனிக்கிழமை மதியம்தான் வைக்கிறாங்க."

"எல்லாச் சனிக்கிழமையுமா?"

"நீயும் வந்தா ஒண்ணாப் போயிட்டு ஒண்ணா வரலாமே. இங்க உக்காந்து செய்யறதை அங்க உக்காந்து செய்யப்போறோம். அவ்வளவுதானே."

அவ்வளவுதான் என்றுதான் ஊசிக்காரிக்கும் தோன்றியது. மேஜைதானே மாறுகிறது, எதிரில் இருக்கிற ஆள் மாறவில்லையே. அங்கேயே பெட்டிமேல் சேர்க்கைத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மாடியக்கா அவள் கன்னத்தைத் தொட்டார். அந்தக் கணம் அவர் எந்தத் தாளையும் பார்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுவது நியாயம்.

சனிக்கிழமை இருவரும் ஒரே குடையில் போனார்கள். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடும் கூடம் அது. பழைய மாலையின் வாடை இன்னும் போகவில்லை. வாசலிலேயே ஊசிக்காரியின் தோளில் ஒரு வில்லையைக் குத்தி, கையில் ஒரு பெட்டியைத் திணித்தார்கள். திறந்து பார்த்தாள். கோடும் நிறமும் ஜோடி ஜோடியாக, ஒன்றையொன்று பிரியாமல் படுத்திருந்தன.

வழக்கம்போல மாடியக்காவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து ஒரு முத்திரையை எடுப்பதற்குள் வைரத் தலைவி சிரித்த முகத்தோடு வந்து நின்றுவிட்டார்.

"உறுப்பினரும் உறுப்பினரும் ஒரே மேஜையில உக்காரக் கூடாதும்மா. அது வீண் நாற்காலி. ஒவ்வொரு உறுப்பினர் மேஜையிலயும் ஒரு புது ஆள் இருக்கணும்."

"நான் புதுசுதாங்க."

"நேத்து கையெழுத்துப் போடற வரைக்கும் புதுசு" என்றார் வைரத் தலைவி, மிகுந்த பிரியத்தோடு.

ஊசிக்காரிக்கு விஷயம் மெல்ல இறங்கியது. சேராமல் இருந்திருந்தால், சேர்க்கப்பட வேண்டியவள் என்ற அந்தஸ்தில், சாகிற வரைக்கும் சனிக்கிழமைதோறும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். கம்பெனியே துரத்தித் துரத்தி உட்கார வைத்திருக்கும். எதிரே உட்காருவதற்காகக் கையெழுத்துப் போட்டு, எதிரே உட்காருகிற உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மாடியக்காவைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஊசிக்காரி எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசி மேஜைக்குப் போனாள். அவளுக்கென்று புது ஆள் யாரும் அகப்படவில்லை. மேடையில் கைதட்டச் சொன்னபோது தட்டினாள். நான்கு வரிசைக்கு முன்னால், அந்தப் பெண்ணிடம் மாடியக்கா அவளுடைய கனவைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை தாளைப் பார்க்காமலே கேட்டார். அந்தப் பெண்ணுக்கு நிறையக் கனவுகள் இருந்தன. பேச்சு முடிவதாக இல்லை.

கூட்டம் முடிந்ததும், அந்தப் பெண்ணை அவள் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாக மாடியக்கா சொன்னார். குடையையும் எடுத்துக்கொண்டார்.

புதிய உறுப்பினர் என்பதற்காக ஊசிக்காரிக்கு ஒரு பசை டேப் பரிசு கொடுத்தார்கள். அது ஒட்டவில்லை.